கருமெருகின் கதை

தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஓசூரைக் கடந்து எல்லையைத் தாண்டியதும் நம்மை எதிர்கொள்ளும் ஊர் அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த சிற்றூராக இருந்து வளர்ந்தது. பிழைப்பை நாடிப் பெங்களூருக்கும் அதற்கு அப்பாலும் சென்ற தமிழ் மக்களுட் பலர், பேருந்தின் சாளரத்தருகே அமர்ந்து இவ்வூர்ப் பெயர்ப்பலகையைக் கண்டிருப்பர். எழுத்து மாறியிருப்பதைப் பார்த்து, 'எல்லை கடந்துவிட்டோம்' என்று தமக்குள் சொல்லிக்கொண்டும் இருப்பர்.

அவ்வூரில் வாழும் தருமபுரி நண்பர் ஒருவர், தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர், சென்ற ஆண்டு தம் கையாலேயே இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளைச் செய்தார். பலகை அறுத்தல், மூலை பொருத்துதல், கம்பி இணைத்தல் யாவும் குறைவின்றி முடிந்தன. பியானோவைப்போல் முகம் தெரியும் கறுப்பு வேண்டும் என்பது அவருடைய ஆசை. கடையில் வாங்கிய பளபளப்புக் கறுப்பு எனாமலை மும்முறை பூசினார். மாலையில் விளக்கை ஏற்றிப் பார்த்தபோது, தூரிகைக் கோடும், சாலைப் புழுதியும், ஒட்டுப்பலகையின் நாரும், ஆணித் தலையின் குழியும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நின்றன. பூசுவதற்கு முன் கண்ணிற் படாத குறைகள் அவை. தெருக்கோடியிலிருந்த முதிய பெயின்டர் ஒருவர் வந்து பார்த்தார். "கறுப்பு எல்லாவற்றையும் மூடிவிடும் என்று உங்களுக்கு யார் சார் சொன்னது? வெள்ளையாவது கொஞ்சம் மறைக்கும், கறுப்பு காட்டிக் கொடுத்துவிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நண்பருக்கு அன்று உறக்கம் இல்லை. நமக்கோ அச்சொல்லின் பின்னே பெரியதொரு சரித்திரம் இருப்பதாகத் தோன்றிற்று.

பெயின்டர் கூறியது விஞ்ஞானத்திற்கு முற்றும் ஒத்தது. வார்னிஷ் போன்ற தெளிந்த பூச்சின்மீது நேராக விழும் ஒளியில், நூற்றில் ஏறத்தாழ 4 பங்கே கண்ணாடியிற் போலத் திரும்புகின்றது; எஞ்சியது உள்ளே புகுந்துவிடுகின்றது. அடியில் வெள்ளை வண்ணம் இருப்பின், அது உட்புகுந்த ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறி வெளியே அனுப்பும். அந்த வெள்ளத்தில் முன்சொன்ன நாலு பங்கு இருந்த இடம் தெரியாமற் போகும். அடியில் இருப்பது கறுப்பாயின், உட்புகுந்த ஒளி அங்கேயே மடிந்துவிடும். மேற்பரப்பிலிருந்து திரும்பும் நாலு பங்கு மட்டும் தனித்து நின்று கண்ணுக்குப் புலப்படும். ஆழ்ந்த கிணற்றை எட்டிப் பார்த்தால் முகம் தெரிவதும், தெளிந்த ஓடையில் மணல் மட்டும் தெரிவதும் இதனாலேயே. அந்த நாலு பங்கு ஒளி நேர்கோட்டிற் சென்று மீள வேண்டுமானால் மேற்பரப்பு துளியும் அலையின்றி இருத்தல் வேண்டும். ஆகவே, கருமெருகை நிறத்தின் வகையாகக் கொள்வதினும் சமதளத்தின் வகையாகக் கொள்வதே பொருந்தும்.

தேய்த்தாலன்றி மெருகு வாராது என்பதைத் தமிழ்நாட்டுக் குயவர்கள் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே அறிந்திருந்தனர். ஆதிச்சநல்லூர், கொடுமணல், கீழடி ஆகிய இடங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கறுப்பு-சிவப்பு மட்கலங்கள் இதற்குச் சான்று. சூளையிற் காற்றுப் புகாத உட்புறமும் வாய்ப்புறமும் கறுத்தன. காற்றுப் பட்ட புறம் சிவந்தது. அவற்றுட் பலவற்றின் வழவழப்பு, சுடுவதற்கு முன் வழுவழுப்பான கல் போன்ற ஒன்றால் மண்ணைத் தேய்த்து இறுக்கியதால் வந்தது. எண்ணெயோ அரக்கோ அங்கே வேலை செய்யவில்லை.

பூச்சைக் கொண்டு கருமெருகு ஏற்றிய பெருமை சீனருக்கும் சப்பானியருக்கும் உரியது. அங்கே ஒருவகை மரத்தின் பட்டையைக் கீறிப் பாலெடுத்து, வடிகட்டி, இரும்பின் சேர்க்கையால் கறுப்பாக்கிப் பூசினர். அந்தப் பால் வெயிலில் உலராது, ஈரக்காற்றிலேதான் இறுகும். இதற்கென்றே ஈரமூட்டிய அறைகளிலும் அலமாரிகளிலும் பண்டங்களை வைத்தனர். ஒரு பூச்சு, ஒரு காத்திருப்பு, ஒரு தேய்ப்பு என்று பல முறை மாறி மாறிச் செய்து, கடைசியில் நுண்ணிய கரித்தூளால் மெருகேற்றினர். ஒரு பண்டம் முடியத் திங்கள் பல ஆகும். காயாத அந்தப் பால் தோலிற் பட்டால் கொப்புளம் எழும். தொழிலாளி அதனையும் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இக்கலைக்கும் நம் கடற்கரைக்கும் ஒரு வேடிக்கையான தொடர்பு உண்டு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பன்னிரண்டு மடிப்புக்கள் வரை உள்ள பெருந்தட்டிகள் சீனத்தில் செய்யப்பட்டன. கருமெருகிட்ட பலகையிற் செதுக்கி வண்ணம் தீட்டியவை அவை. சோழமண்டலக் கடற்கரைத் துறைகளின் வழியாக அவை ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. வந்த வழியையே பிறந்த ஊராக எண்ணிய ஐரோப்பியர் அவற்றுக்குக் 'கோரமண்டல் தட்டிகள்' என்று பெயர் சூட்டிவிட்டனர். 'கோரமண்டல்' என்பது சோழமண்டலத்தின் திரிபு. அப்பெயர் இன்றும் வழங்குகின்றது. நாம் செய்யாத பொருளுக்கு நம் நாட்டின் பெயர்!

ஆயினும் நமக்கு அதிற் பங்கே இல்லை என்று கூறவும் இயலாது. சீனத்து மரப்பால் நெடுங்கப்பற் பயணத்திற் கெட்டுவிடும். ஐரோப்பியருக்கு அது கிட்டவில்லை. போலி செய்ய வழி தேடினர். ஸ்டாக்கர், பார்க்கர் என்னும் இருவர் 1688இல் ஆக்ஸ்போர்டில் வெளியிட்ட நூல் அவ்வழியை விரிவாகக் கூறுகின்றது. அவர்கள் கையாண்டது இந்திய அரக்கு. அரக்கைச் சாராயத்திற் கரைத்து, விளக்குப் புகைக்கரியைக் கலந்து பல முறை பூசி, உலர்ந்தபின் நுண்மண்தூளும் எண்ணெயும் கொண்டு தேய்த்தால் சப்பானிய மெருகை ஒத்த கறுப்பு உண்டாகும் என்பது அந்நூலின் உபதேசம். இலண்டன் மாளிகைகளிற் 'சப்பானிய' மெருகென்று பாராட்டப்பெற்ற பேழைகள் பலவற்றின் மேல் இருந்தது நம் காட்டுப் பூச்சியின் பிசின்.

அரக்கு எங்ஙனம் உண்டாகின்றது என்பதை நேயர்களுட் சிலரேனும் அறிந்திருப்பர். புரசு, இலந்தை முதலிய மரங்களின் இளங்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் தம்மைச் சுற்றிச் சுரக்கும் பிசினே அரக்கு. கிளையோடு ஒடித்தெடுப்பதைக் கொம்பரக்கு என்பர். அதனை நொறுக்கி, கழுவி, செந்நிறச் சாயத்தை நீக்கினால் மணி மணியான அரக்கு கிடைக்கும். அதனை நீண்ட துணிப்பையில் இட்டு, தணலின்முன் காட்டி முறுக்கினால் உருகிய அரக்கு கசியும். தகடாக இழுத்து ஆறவிட்டு உடைத்தால் வருவது அவலரக்கு. ஆங்கிலேயர் ஷெல்லாக் என்றழைப்பது இதுவே. அவலைப்போல் தட்டையாக இருப்பதைக் கண்டு நம்மவர் இட்ட பெயர் எவ்வளவு பொருத்தமானது! இராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னும் ஊரில் 1924இல் அரக்கு ஆராய்ச்சிக்கெனவே ஒரு நிலையம் தோன்றியதிலிருந்து, இப்பொருளின் வாணிகம் எத்துணைப் பெரிதாக இருந்தது என்பதை ஊகிக்கலாம். மைசூரிலும் 1937இல் நாலாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரக்கும் வண்ணமும் செய்யும் தொழிற்சாலை ஒன்று நிறுவப்பெற்றது. 1962 முதல் தேர்தல்களில் நம் விரலில் இடப்படும் அழியாத மை அத்தொழிற்சாலையிலிருந்தே வருகின்றது என்பதையும் இடையே சொல்லி வைப்போம்.

அரக்கு மெருகின் சிறப்பைக் காண அத்திபெலேக்காரர் வெகுதூரம் போக வேண்டுவதில்லை. பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் உள்ள சென்னப்பட்டணத்தில், வெட்பாலை மரத்தைக் கடைசல் எந்திரத்தில் ஏற்றிச் சுழலவிட்டு, வண்ணம் சேர்த்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகின்றனர். உராய்வின் வெப்பத்தால் அரக்கு இளகி மரத்திற் படிகின்றது. பின்னர்த் தாழை ஓலையை வைத்து அழுத்தினால் மெருகு ஏறுகின்றது. சில நிமிடங்களிற் பளபளவென்று ஒரு பொம்மை பிறந்துவிடும். ஆனால் உருண்டை வடிவுக்கே இவ்வுபாயம் உதவும். பெட்டியைக் கடைசலில் ஏற்றமுடியாது. சதுரப் பலகைக்கு மெருகேற்ற வேறு வழி வேண்டியிருந்தது.

அவ்வழி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டில் செம்மையுற்றது. பஞ்சை மெல்லிய துணியிற் பொதிந்து, சாராயத்திற் கரைத்த அவலரக்கில் நனைத்து, ஓரிரு துளி எண்ணெய் தொட்டு, வட்டமாகவும் எட்டு என்னும் இலக்கம்போல் வளைத்தும் இடைவிடாது தேய்ப்பது அது. கை ஓரிடத்தில் நின்றால் துணி ஒட்டிக்கொள்ளும். அதுவரை செய்த வேலை பாழாகும். ஒரு தேய்ப்பில் படியும் அரக்கு மிக மெல்லியது. ஆகையால் நூற்றுக்கணக்கான முறை கை சென்று வர வேண்டும். கறுப்பு வேண்டுமாயின் முதலில் மரத்தையே கறுக்கச் செய்வர். கடுக்காய்ச் சாறும் அன்னபேதியும் சேர்ந்தால் மை உண்டாகும் என்பது நம் பாட்டன்மார் அறிந்த செய்தி; துவர்ப்புள்ள மரத்தின்மேல் இரும்புச் சத்துப் பட்டாலும் அங்ஙனமே கறுக்கும். எளிய மரத்தைக் கருங்காலியாகத் தோன்றச் செய்த தந்திரம் இதுவே. இம்மெருகின் ஆழமும் தண்மையும் பின்வந்த எதற்கும் இல்லை என்பது நம் கருத்து. குறையும் உண்டு: சுடுகாப்பிக் குவளையை வைத்தால் வெள்ளை வளையம் விழும், சாராயம் சிந்தினால் கரைந்துவிடும்.

இசையும் அரக்கும் சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. நம் வீடுகளில் ஒலித்த பழைய இசைத்தட்டு, அவலரக்கும் கல்மாவும் புகைக்கரியும் கலந்து அச்சில் அழுத்திச் செய்யப்பட்டது. கல்கத்தாவில் 1908இல் சியால்டாவிலும், 1928இல் டம்டமிலும் அதற்கான தொழிற்சாலைகள் எழுந்தன. தட்டும் கறுப்பு, அதனைத் தாங்கிய பெட்டியின் மேற்பூச்சும் பெரும்பாலும் அரக்கு. பாட்டு உள்ளேயும் அரக்கில் இருந்தது, வெளியேயும் அரக்கில் மின்னிற்று என்று சொல்லத் தடையில்லை.

அதன்பின் வானொலி வந்தது. சென்னையில் கிருஷ்ணசாமிச் செட்டியார் முயற்சியால் 1924இல் வானொலிக் கழகம் தோன்றியது. 1930இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்று, கடற்கரை முதலிய பொதுவிடங்களில் ஒலிபெருக்கிகளை நிறுவிற்று. மைசூரில் பேராசிரியர் கோபாலசுவாமி 1935இல் தம் இல்லத்திலிருந்தே 'ஆகாசவாணி'யைத் தொடங்கினார். 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் திறக்கப்பெற்றன. வானொலிப் பெட்டியோ எளியோர்க்கு எட்டாத விலையில் இருந்தது. கோவை ஜி. டி. நாயுடு 1941இல் ஐந்து வால்வுப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று அறிவித்தது அந்நாளில் எத்துணை வியப்பை விளைத்திருக்கும்! வீட்டிற்கு வந்த பெட்டிக்குக் கூடத்தில் நடுவிடம் கிடைத்தது. பூத்துணி போர்த்தினர். அதன் மெருகிற் கைரேகை படாமற் காப்பது சிறுவர்க்கு இடப்பட்ட முதற் கட்டளை.

ஒலிபெருக்கிக்குப் பெட்டி எதற்கு என்று கேட்பாரும் உளர். இன்று நாம் அறிந்த காகிதக் கூம்பு ஒலிபெருக்கியின் அமைப்பை அமெரிக்கராகிய ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925இல் விளக்கி வெளியிட்டனர். கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே காற்றை இழுக்கின்றது. முன்னலையும் பின்னலையும் கலந்தால் கனத்த ஓசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி காணாமற் போகும். பின்னலையை அடைத்து வைப்பதே பெட்டியின் வேலை. 1954இல் எட்கர் வில்ச்சர் என்பவர், காற்றுப் புகாது மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தி, பெரும் பெட்டிக்குரிய ஆழ்ந்த ஓசையைப் பெற்றுக் காட்டினார். ஒலிபெருக்கி அலமாரி அளவிலிருந்து மேசையளவுக்குச் சுருங்கியது. ஓய்வு நேரத்தில் ஒரு வாளும் சில பலகைகளும் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்ற துணிவும் பலருக்குப் பிறந்தது. இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: மேற்பூச்சுக்கும் ஓசைக்கும் தொடர்பு ஏதும் இல்லை. பலகையின் திண்மையும் மூலைகளின் இறுக்கமுமே ஓசைக்கு வேண்டுவன. மெருகு கண்ணுக்கு மட்டும் உரியது.

அந்த மெருகை விரைவிற் பெறுவதற்கு எந்திர யுகம் கண்ட வழிகள் பல. நிலக்கீலையும் ஆளிவிதை எண்ணெயையும் கலந்து பூசி, சூளையிற் சுட்டெடுத்தால் இரும்பின்மேல் அழியாத கறுப்பு ஏறும். பழைய தையல் எந்திரங்களிற் கண்ட கறுப்பு இதுவே. ஹென்றி போர்டு 1914 முதல் 1925 வரை தம் 'டி' வகைக் கார்களைக் கறுப்பிலேயே விற்றதும் இவ்வகைப் பூச்சைக் கொண்டே. மரத்தைச் சூளையில் இட இயலாதாகையால் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு இஃது உதவவில்லை. 1934இல் இங்கிலாந்தின் எக்கோ நிறுவனம் வட்ட வடிவில் வெளியிட்ட வானொலிப் பெட்டி, பேக்லைட்டில் வார்த்தது. அச்சு வழவழப்பாக இருந்தால் பெட்டியும் வழவழப்பாக வந்தது. தேய்ப்பு அங்கே மறைந்துவிடவில்லை; பெட்டியைத் தேய்த்த கை அச்சைத் தேய்க்கப் போயிற்று, அவ்வளவே.

மரவேலைக்கு வந்த பெருமாற்றம் 'டியூக்கோ'. முதல் உலகப் போர் ஓய்ந்தபின், வெடிமருந்துக்கென வளர்ந்திருந்த பஞ்சு-நைட்ரேட்டுத் தொழில் புது வேலை தேடிற்று. அமெரிக்க டூபாண்ட் நிறுவனம் 1920களில் அதனைக் கரைத்துத் தெளிக்கும் வண்ணமாக்கி, டியூக்கோ என்று பெயரிட்டது. வாரக்கணக்கிற் காய்ந்த கார் வண்ணம் மணிக்கணக்கிற் காய்ந்தது. அந்த வணிகப் பெயர் இந்தியத் தச்சர் பேச்சில் பொதுப் பெயராகவே நிலைத்துவிட்டது. யார் செய்த வண்ணமாயினும், பளபளப்பாகத் தெளித்தால் 'டியூக்கோ அடித்தது' என்பர். நீலகிரியில் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பீரங்கிக்குப் பயன்பட்ட பஞ்சும், வானொலிப் பெட்டிக்கு மெருகூட்டிய பஞ்சும் ஒரே குடும்பம்.

அக்குடும்பத்தின் குணம் நெருப்பு. வண்ணம் மட்டுமன்று, அதனைக் கரைக்கும் தின்னரின் ஆவியும் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். மூடிய சிறு அறையில், எரியும் அடுப்பிற்கு அருகில் தெளித்துக் கருகியவர்கள் பலர். தீயின் கொடுமையை அத்திபெலேக்கு எவரும் சொல்லித் தரவேண்டுவதில்லை. 2023 அக்டோபர் 7ஆம் நாள் அங்குள்ள பட்டாசுக் கிடங்கொன்றில் தீப்பற்றிப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தீபாவளி வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த இளைஞர்கள். பண்டிகைக்கு முன் கையில் சிறிது பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப எண்ணியிருந்தவர்கள். நம் நண்பரின் வீட்டிலிருந்து அவ்விடம் நடந்து செல்லும் தொலைவே. தின்னர் டப்பாவை அவர் வீட்டிற்குள் வைப்பதில்லை.

இப்போது பியானோக் கறுப்புக்குப் பெரிதும் பயன்படுவன பாலியெஸ்டரும் பாலியுரேத்தேனும் ஆகும். இரண்டு திரவங்களைக் கலந்தவுடன் அவை தம்முட் பிணைந்து கண்ணாடியைப்போல் இறுகும். சூட்டுக்கும் சாராயத்துக்கும் அஞ்சா. ஆனால் பாலியுரேத்தேனை இறுகச் செய்யும் திரவத்தில் ஐசோசயனேட் என்னும் பொருள் உண்டு. அதன் நுண்துளி மூச்சிற் புகுந்தால் தீராத இளைப்பு நோய் பற்றக்கூடும். முகத்திற் கட்டும் கைக்குட்டையும் துணிக்கவசமும் அதனைத் தடுக்கமாட்டா; வெளிக்காற்றைக் குழாய்வழி ஊட்டும் கவசமே உரியது. தொழிற்சாலைகளில் அது சட்டப்படி கிடைக்கும். தெருவோரப் பட்டறைகளில் கைக்குட்டையே கவசம். சீனத்தில் கொப்புளம் எழுந்த தோலுக்கும், இன்று இளைக்கும் நுரையீரலுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகள் கழிந்துள்ளன.

நம் நண்பர் தெளிப்பதை விடுத்து, தேய்ப்பதை மேற்கொண்டார். பழைய பூச்சை உரித்தார். நார் எழும் விளிம்புகளுக்கு லப்பம் இட்டு, உலரவிட்டு, உப்புத்தாளால் மட்டமாக்கினார். அதன்மேல் அடிப்பூச்சு; மீண்டும் தேய்ப்பு. பெயின்டர் ஓர் உபாயம் சொன்னார்: சாம்பல்நிற அடிப்பூச்சின்மேல் கறுப்பை மிக மெல்லியதாக வீசிவிட்டுத் தேய்த்தால், பள்ளங்களில் மட்டும் கறுப்பு எஞ்சி நின்று இடத்தைக் காட்டிவிடும். அங்ஙனம் காட்டிய பள்ளங்களுக்கு மறுபடியும் லப்பம். அத்திபெலே கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலம். மார்கழிக் காலையில் பனி இறங்கும். ஈரக்காற்றிற் பூசினால் மெருகு பால்போல் வெளுத்துவிடும் என்பதால், நண்பகலில் கதவடைத்து, தரையில் நீர் தெளித்துப் புழுதியை அடக்கி, சற்றுப் பொறுத்தபின் பூசினார். பல பூச்சுக்களுக்குப்பின் மூன்று வாரம் தொடவேயில்லை. மேலே உலர்ந்த வண்ணம் உள்ளே சுருங்கிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டுத் தேய்த்தால் மரத்தின் நார் மீண்டும் நிழலாட்டும்.

அதன்பின் நீர்த்தாள்: ஆயிரம், ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் என்ற எண் வரிசையில், சிறிது சோப்பு கலந்த நீரில் நனைத்து, தட்டையான ரப்பர்க் கட்டையிற் சுற்றித் தேய்ப்பு. இந்நிலையில் பெட்டி பளபளப்பை முற்றிலும் இழந்து கரும்பலகைபோல் மங்கிவிடும். பழக்கமில்லாதவர் இங்கேதான் மனமொடிந்து, மேலும் ஒரு பூச்சைப் பூசிக் கெடுத்துவிடுவர். நண்பரின் மனைவியாரும், "இவ்வளவு நாள் பாடுபட்டு இதற்குத்தானா?" என்று கேட்டாராம். விளிம்புகளில் பூச்சு எளிதிற் தேய்ந்துபோகும் என்பதால் அங்கே விரலைத் தளரவிட வேண்டும். கடைசியில் மெருகுப் பசையை மென்துணியில் எடுத்து வட்டமாகத் தேய்த்தபோது, மங்கலின் நடுவே உள்ளங்கையளவு ஓரிடத்தில் கூரையின் விளக்கு வட்டம் பிசகாமல் தோன்றிற்று. அன்று இரவு நமக்குத் தொலைபேசியில் சொன்ன முதற்செய்தி அதுவே.

சென்ற பொங்கலுக்கு நாம் போயிருந்தபோது இரண்டு பெட்டிகளும் கூடத்தில் நின்றன. நாதசுவர இசை ஒலித்துக்கொண்டிருந்தது. எதிர்ச்சுவரின் நாட்காட்டியைப் பெட்டியின் முகப்பில் வலமிடமாகப் படிக்க முடிந்தது. பின்பலகைகளை மட்டும் அவர் மாற்றவில்லை. சுவரை நோக்கி நிற்கும் அப்பக்கத்தில் முதன்முதற் பூசிய எனாமலும், தூரிகைக் கோடுகளும் அப்படியே இருக்கின்றன.